இரண்டே பேர் தேறிய தேர்வு: மலாயாவில் மருத்துவப் படிப்புக்கு முந்திய படிகள்



எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் ஆசிரியர் அறை வாசலில் ஒரு பிள்ளையாவது வந்து நிற்கும். கையில் முடிவுச் சீட்டு இருக்கும். உயிரியலில் ஏ, வேதியியலில் சி. "சார், இனிமே நான் டாக்டருக்குப் படிக்கவே முடியாதா?" என்று கேட்கும்போது குரல் உடைந்திருக்கும்.

நாம் என்ன சொல்வோம்? "அதெல்லாம் முடியும்மா, கவலைப்படாதே" என்போம். இல்லாவிட்டால், "வேற துறை பாரேன்" என்போம். இரண்டுமே அவசரப் பதில்கள்தான். அந்தக் கேள்விக்கு நம் மண்ணில் நூற்றுமுப்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பதில் சொன்னால், பிள்ளைக்கும் நல்லது, நமக்கும் நல்லது. வரலாற்றுப் பாடத்துக்கும் இது உதவும். வாங்க, 1889-க்குப் போவோம்.

தொடங்காமலே போன பள்ளி

அப்போது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. துறைமுகங்களில் ஆள் நடமாட்டம் பெருகிவிட்டது. மருத்துவமனைகள் இருந்தன, ஆனால் வேலை பார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. 1889-இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த டாக்டர் மேக்ஸ் சைமன், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இங்கேயே பயிற்சி கொடுத்து உதவி மருத்துவர்களாக ஆக்கலாம் என்று யோசனை சொன்னார். அரசும் ஒத்துக்கொண்டது. 1890-இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி திறப்பதாக ஏற்பாடு.

சேர்வதற்கு முன் ஒரு தொடக்கத் தேர்வு வைத்தார்கள். மருத்துவக் கேள்விகள் எதுவும் இல்லை, பொதுக் கல்வியைச் சோதிக்கும் தேர்வுதான். அதில் தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் பினாங்கு மாணவர்கள். இரண்டு பேரை வைத்துப் பள்ளி நடத்த முடியுமா? திட்டத்தையே கைவிட்டார்கள். மாணவர்களை மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைப்பது என்று முடிவாயிற்று.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். திட்டம் இருந்தது. அரசின் ஒப்புதல் இருந்தது. நோயாளிகளும் மருத்துவமனையும் இருந்தன. ஆனாலும் பள்ளி திறக்கவில்லை. அதைத் தடுத்தது சேர்வதற்கு முன் இருக்க வேண்டிய படிப்பு. அந்தப் படிப்பு ஏன் இல்லாமல் போனது?

கிராணி வேலையும் பாதியில் நின்ற படிப்பும்

அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்று யாராவது எழுதினால் அது தவறான விடை. காரணம் வேறு. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த பையனுக்கு வாணிபக் கம்பெனியிலோ அரசு அலுவலகத்திலோ கிராணி வேலை உடனே கிடைத்துவிடும். பதினாலு பதினைந்து வயதில் சம்பளம் வரும்போது, "இன்னும் மூணு வருஷம் படி" என்று எந்தக் குடும்பம் சொல்லும்? அதனால் மேல்வகுப்புகள் காலியாகக் கிடந்தன. மாணவர் இல்லாததால் மேல்வகுப்புப் பாடங்கள் வளரவில்லை. பாடம் வளராததால் மாணவர் தங்கவில்லை. சுற்றிச் சுற்றி அதே கதை.

இந்தச் சுற்றை உடைக்க இரண்டு விஷயங்கள் உதவின.

ஒன்று, 1880-களின் நடுவில் தொடங்கிய அரசியார் உபகாரச் சம்பளம். தேர்வில் முதலில் வருபவரை அரசு தன் செலவில் பிரிட்டனுக்கு அனுப்பும். 1887-இல் ராஃபிள்ஸ் கல்விநிலைய மாணவர் லிம் பூன் கெங் அதைப் பெற்று எடின்பரோவில் மருத்துவம் படித்து 1892-இல் பட்டம் பெற்றார். 1896-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியன் தே அதே உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போனார். பின்னாளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கியவர் இவர்தான். ஆனால் இந்த வாய்ப்பு ஆண்டுக்கு ஓரிருவருக்கு மட்டுமே கிடைத்தது.

இரண்டாவது, 1891 முதல் இங்கே நடக்கத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் தேர்வுகள். இது பரவலான பலன் தந்தது. பினாங்குப் பையனும் சிங்கப்பூர்ப் பையனும் ஒரே தாளை எழுதினார்கள். விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து போய், முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் வந்த சான்றிதழுக்கு எங்கேயும் மதிப்பு இருந்தது. பள்ளிகளுக்கும் இந்த அளவு எட்ட வேண்டும் என்ற இலக்கு கிடைத்தது.

1905: 23 பேர்

மருத்துவப் பள்ளி யோசனை மறுபடி உயிர் பெற்றது 1904-இல். டான் ஜியாக் கிம் தலைமையில் சமூகத் தலைவர்கள் ஆளுநர் சர் ஜான் ஆண்டர்சனிடம் மனு கொடுத்தார்கள். ஆளுநர் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கட்டடச் செலவுக்கு 71,000 வெள்ளி நீங்களே திரட்டிக் கொடுங்கள் என்றார். திரண்டது 87,077 வெள்ளி. டான் ஜியாக் கிம் மட்டும் 12,000 வெள்ளி கொடுத்தார்.

1905 ஜூலை 3-ஆம் தேதி வகுப்பு தொடங்கியது. இடம் சிப்பாய் லைன்ஸ் பகுதியில், முன்பு பெண்கள் மனநோய் விடுதியாக இருந்த பழைய கட்டடம். சேர்ந்தவர்கள் 23 பேர். 1910-இல் தேர்ச்சி பெற்று வெளியே வந்த முதல் அணியில் 7 பேர்.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. 23-லிருந்து 7-ஐக் கழித்து, "16 பேர் தோற்றார்கள்" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. சிலர் தாமதமாக முடித்திருக்கலாம், சிலர் விலகியிருக்கலாம். எண் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் எழுதப் பழகுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். 1890-இல் இரண்டு பேர் தேறிய இடத்தில், 15 ஆண்டு கழித்து ஒரு வகுப்பையே நடத்த முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் மேல்வகுப்புகள் வளர்ந்திருந்தன.

1913-இல் பள்ளிக்கு ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர் வந்தது. 1916-இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்தப் பள்ளியின் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. இங்கே படித்தவர் பிரிட்டிஷ் பேரரசில் எங்கும் தொழில் செய்யலாம் என்ற நிலை வந்தது. 1921-இல் பள்ளி கல்லூரியானது.

இந்தப் பள்ளியில் படித்த லீ சூ நியோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்பிள்ளை வீட்டோடு இருக்க வேண்டும் என்று நினைத்த நீரிணைச் சீனச் சமூகத்தில் பிறந்தவர். 1911-இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறினார். அந்தச் சான்றிதழ் கையில் இருந்ததால்தான் மருத்துவப் பள்ளியில் இடம் கேட்க முடிந்தது. 1919-இல் பட்டயம் பெற்று, சிங்கப்பூரின் முதல் சீனப் பெண் மருத்துவரானார்.

அதே 1910-இல், அமெரிக்காவில்

இதே கேள்வியை வேறொரு நாடு எப்படிச் சந்தித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு இன்னொரு விஷயம் புரியும். சிங்கப்பூரில் முதல் ஏழு பேர் தேறிய அதே 1910-இல், அமெரிக்காவில் ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர். இவர் மருத்துவர் அல்லர், நம்மைப் போல் பள்ளி ஆசிரியராக இருந்தவர்! அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்தார். பல பள்ளிகள் உயர்நிலைப் பள்ளிப் படிப்புகூட முழுதாக இல்லாதவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு சேர்த்தது தெரிந்தது.

விதிவிலக்காக இருந்தது ஜான்ஸ் ஹாப்கின்ஸ். 1893-இல் திறந்தபோதே, பட்டப்படிப்பு முடித்தவர்கள்தான் சேரலாம் என்று சொல்லிவிட்டது. பணம் கொடுத்த மேரி காரெட் என்ற பெண்மணி, நுழைவுத் தகுதி உயர்வாக இருக்க வேண்டும், பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும் என்று இரண்டையும் நிபந்தனையாக வைத்தார்.

அறிக்கைக்குப் பிறகு தரம் உயர்ந்தது. தரமற்ற பள்ளிகள் பல மூடப்பட்டன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கறுப்பின மாணவர்கள் படித்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஐந்து காணாமல் போயின. மிஞ்சியவை இரண்டு. வாசலை உயர்த்தினார்கள், ஆனால் ஏறி வரப் படிக்கட்டு இல்லாதவர்களுக்கு யாரும் படி கட்டிக் கொடுக்கவில்லை.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தோட்டத்துக்கு வருவோம்.

தோட்டத்துப் பிள்ளைக்குப் படி எங்கே இருந்தது?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது இதனால்தான். ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள். படிப்பு தமிழில். மருத்துவக் கல்லூரி கேட்டதோ ஆங்கிலத்தில் எழுதும் சீனியர் கேம்பிரிட்ஜ். தோட்டப் பள்ளியில் கடைசி வகுப்பை முடித்த பிள்ளைக்கும் அந்தச் சான்றிதழுக்கும் நடுவே ஆங்கிலப் பள்ளி, பட்டணம், பயணம், பள்ளிக்கட்டணம் என்று ஒரு பெரிய பள்ளம் கிடந்தது.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்துவிட்டு வந்தவர்கள் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது. டாக்டர், வழக்கறிஞர் என்று அந்தக் குடும்பங்களில் முன்னதாகவே உருவாகக் காரணம் இதுதான். இருவரும் தமிழர்கள். பேச்சும் ரத்தமும் காரணமென்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது. காலடியில் படிக்கட்டு இருந்ததா, இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

பிறகு நமக்கும் சில படிகள் வந்தன. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கான புகுமுக வகுப்பு அதில் ஒன்று. "ஒரு வருஷம் வீணாப் போச்சே" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் மொழி மாறிய இடத்தில் கால் ஊன்ற அந்த ஓராண்டு பலருக்குக் கைகொடுத்தது. 1960-களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் உருவானபோது அதன் முதல் புலத்தலைவர் டி. ஜே. தனராஜ். 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் தொடங்கியது. ம.இ.கா.வின் கல்விப்பிரிவு தொடங்கிய இதைப் பார்க்கும்போது, 1904-இல் சமூகம் திரட்டிய அந்த 87,077 வெள்ளி நினைவுக்கு வருகிறதா?

இடையில் நின்றுபோனவர்கள்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. ஆங்கிலப் பள்ளிப் படிப்பு அறுந்துபோனது. அலோர் ஸ்டாரில் ஒரு மாணவர் சந்தையில் காப்பி விற்றார், வாழைப்பழப் பலகாரம் விற்றார். போர் முடிந்ததும் வகுப்பறைக்குத் திரும்பி, 1946 இறுதியில் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. மறு ஆண்டு சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1953-இல் டாக்டரானார். அவர்தான் பின்னர் பிரதமரான மகாதீர் முகமது.

அதே 1947-இல் சேர்ந்தவர் சித்தி ஹஸ்மா. அவர் முடித்தது 1955-இல். இரண்டு ஆண்டு கூடுதல். ஆனாலும் மலாய்ப் பெண்களில் முதன்முதலாக மருத்துவரானவர்களில் ஒருவர் என்று வரலாறு அவரைச் சொல்கிறது. எத்தனை ஆண்டில் முடித்தார் என்று அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள், இல்லீங்களா?

அப்போ, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

"முடியும்" என்றும் "முடியாது" என்றும் சொல்லாமல், "எந்தப் படி உனக்குக் குறையுது, பார்க்கலாம் வா" என்று சொல்லுங்கள். பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைப் பாருங்கள்.

முதலில், எந்தப் பாடம் குறை என்று பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள். வேதியியலா, கணிதமா, ஆங்கிலமா? "மார்க் பத்தல" என்ற பொதுப் புலம்பலை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. 1890-இலும் குறை என்னவென்று தெரிந்த பிறகுதான் பள்ளிகள் வளர்ந்தன.

இரண்டாவது, வழிகளை வரிசையாக எழுதுங்கள். மெட்ரிகுலேஷன் ஓராண்டு. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 2003 முதல் 10 விழுக்காட்டு இடம் என்று ஒதுக்கினார்கள். போட்டி கடுமை என்பதை மறைக்காதீர்கள். எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு. கடினம் என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். ஆனால் 2012 முதல் அது மூன்று தவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளை மறுபடி எழுத வழி இருக்கிறது. கட்டணமும் தனியார் அடிப்படைக் கல்வியைவிட மிகக் குறைவு. தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடியிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது, ஒரு பட்டம் படித்த பிறகும் மருத்துவத்துக்கு வரலாம். சிங்கப்பூரில் 2007 முதல் மாணவர் சேர்க்கும் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி பட்டதாரிகளுக்கானது. நீண்ட வழி, செலவும் உண்டு. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதே பல வீட்டில் தெரியாது.

நான்காவது, அங்கீகாரம். குறைந்த தகுதிக்கு இடம் தருகிறோம் என்று வெளிநாட்டுக் கல்லூரி முகவர் யாராவது வந்தால், பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்குமா? சேர என்ன தகுதி கேட்கிறார்கள்?" 1916 வரை நம் முன்னோடிகள் காத்திருந்தது அந்த அங்கீகாரத்துக்காகத்தான். நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டில் மன்றத்திடமே கேட்டுச் சரிபாருங்கள், அண்ணன் சொன்னார் அக்கா சொன்னார் என்று போகாதீர்கள்.

ஐந்தாவது, உண்மையை மறைக்காதீர்கள். எல்லாப் படியையும் ஏறியும் இடம் கிடைக்காமல் போவது உண்டு. தாதிமை, மருந்தியல், மருத்துவ ஆய்வகத் துறை எல்லாம் தோற்றவர்கள் போகும் இடம் அல்ல. பிள்ளை அதைத் தானே தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும். நாம் தள்ளிவிட வேண்டாம்.

ஆசிரியர்களே, நம் பங்கு எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு தொடங்கினால் தாமதம். படிவம் 3 முடித்துப் பாடங்களைத் தேர்வு செய்யும்போதே தொடங்க வேண்டும். அறிவியல் பாடங்களை எடுக்காத பிள்ளைக்கு மருத்துவத்தின் வழக்கமான வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு வகுப்பாசிரியர்தான் அந்த ஆள்.

வகுப்பறைக்கு

கீழ்க்காணும் வினாக்களைக் குழுக் கலந்துரையாடலுக்கோ எழுத்துப் பயிற்சிக்கோ பயன்படுத்தலாம்.

1. 1890-இல் சிங்கப்பூர் மருத்துவப் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டதற்கான உடனடிக் காரணத்தையும் அடிப்படைக் காரணத்தையும் வேறுபடுத்திக் காட்டுக.

2. 1905-இல் பள்ளி தொடங்குவதற்குச் சமூகத் தலைவர்களும் அரசும் ஆற்றிய பங்கினை ஒப்பிடுக.

3. "நுழைவுத் தகுதியை உயர்த்தினால் மட்டும் கல்வித் தரம் உயர்ந்துவிடும்." மலாயா, அமெரிக்கா ஆகிய இரண்டு எடுத்துக்காட்டுகளின் துணையுடன் இக்கூற்றை ஆராய்க.

4. உங்கள் குடும்பத்தில் அல்லது பக்கத்து வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் படிப்பு எந்த வகுப்பில் நின்றது, ஏன் நின்றது என்று கேட்டு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.

முதல் வினாவுக்கு விடை எழுதும்போது, "இரண்டு பேர்தான் தேறினர்" என்பதோடு நிறுத்தினால் பாதிப் புள்ளிதான். கிராணி வேலை, காலியான மேல்வகுப்பு, பொதுத் தேர்வு இல்லாத நிலை ஆகிய மூன்றையும் இணைத்து எழுதினால் முழு விடையாகும்.

நான்காம் வினாவை மட்டும் தவறவிடாதீர்கள். பாட்டி "மூணாம் வகுப்போட நிறுத்திட்டாங்கப்பா, தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்ல" என்று சொல்லும் அந்த ஒரு வரியும் இந்த வரலாற்றைச் சேர்ந்ததுதான். எழுதி வந்ததை வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள், ஆசிரியர்களே.